டாக்டருடன் வருஷத்துக்கு 1 மணி நேரம்... மீதி 8,759 மணி நேரம்? - டைப் 1 சர்க்கரை நோயாளிகள் நிபுணர்களான கதை

அதிகாலை 2 மணி. தலையணைக்குப் பக்கத்தில் போன் அலறுகிறது. திரையில் ‘64’ என்ற எண். அதன் அருகே கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி.

டைப் 1 சர்க்கரை நோயுடன் வாழும் ஒருவருக்கு இது புதிதல்ல. அரைத் தூக்கத்திலேயே மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். ராத்திரி 9 மணிக்கு எத்தனை யூனிட் இன்சுலின் போட்டோம்? அதில் இன்னும் எவ்வளவு உடம்பில் பாக்கி இருக்கும்? சாயங்காலம் ஒரு மணி நேரம் ஷட்டில் ஆடினோமே, அதனால் இறங்குகிறதா? 3 ஸ்பூன் குளுக்கோஸ் போதுமா, கூடவே பிஸ்கட்டும் வேண்டுமா?

குறைவாக எடுத்தால் சுகர் மேலும் இறங்கி மயக்கம், வலிப்பு வரை போகலாம். பயந்துபோய் அள்ளிச் சாப்பிட்டால் காலையில் 300-ஐத் தொடும். அந்த நேரத்தில் பக்கத்தில் டாக்டர் இல்லை. முடிவை அவரேதான் எடுக்க வேண்டும், அதுவும் சில நிமிடங்களுக்குள்.

சின்னக் கணக்கு ஒன்று. 3 மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்கிறார், ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு மொத்தம் 1 மணி நேரம். வருஷத்தில் இருப்பதோ 8,760 மணி நேரம். மீதி 8,759 மணி நேரமும் அந்த நோயைப் பார்த்துக்கொள்வது நோயாளிதான்.

நாள்பட்ட நோய் உள்ளவர்கள் காலப்போக்கில் தங்கள் நோயில் ஒருவித நிபுணர்களாகவே ஆகிவிடுவது இப்படித்தான். அந்த அறிவு எங்கிருந்து வருகிறது? மருத்துவ உலகம் அதை எப்படி ஏற்றுக்கொண்டது? அது எங்கே ஏமாற்றும்? டைப் 1 சர்க்கரை நோயின் கதையில் இந்த மூன்று கேள்விகளுக்குமே பதில் இருக்கிறது.

முதலில், டைப் 1 என்றால் என்ன?

நாம் அதிகம் கேள்விப்படுவது டைப் 2. டைப் 1 வேறு. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தவறுதலாக அழித்துவிடுவதால் வருவது. சின்ன வயசிலேயே வரலாம், எந்த வயதிலும் வரலாம். ‘சின்னப் பிள்ளையிலேயே ஸ்வீட் நிறையக் கொடுத்திருப்பீங்க’ என்று உறவினர்கள் சொல்வதில் துளியும் உண்மை இல்லை.

வெளியிலிருந்து இன்சுலின் போட்டால்தான் உயிர் வாழ முடியும். 1921-ல் கனடாவின் டொரண்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்படும் வரை இந்த நோய் மரண தண்டனைதான். 1922 ஜனவரியில் 14 வயது லெனார்ட் தாம்சனுக்குப் போட்ட ஊசியோடு அந்த நிலை மாறத் தொடங்கியது.

ஆனால் இன்சுலின் ‘காலையில் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு’ என்று கண்ணை மூடிக்கொண்டு போடும் மாத்திரை மாதிரி இல்லை. ஆரோக்கியமான கணையம் நிமிடத்துக்கு நிமிடம் ரத்த சர்க்கரையைப் பார்த்து அளவை மாற்றிக்கொண்டே இருக்கும். டைப் 1 வந்தவர் அந்த வேலையைத் தானே செய்ய வேண்டும். கொஞ்சம் கூடினால் தாழ்சர்க்கரை, கொஞ்சம் குறைந்தால் உயர் சர்க்கரை. சாப்பாடு, தூக்கம், ஓட்டம், காய்ச்சல், டென்ஷன் என எல்லாமே இந்தக் கணக்கை மாற்றும்.

மீட்டர் வாங்க மனைவியின் பெயர்!

இன்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் குளுக்கோமீட்டர் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் அதை நோயாளிக்கு விற்கவே மாட்டார்கள்.

அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீனுக்கு 12 வயதில், 1946-ல் டைப் 1 வந்தது. அப்போதெல்லாம் வீட்டில் செய்ய முடிந்தது சிறுநீர்ப் பரிசோதனை மட்டும்தான். அது காட்டுவது இப்போதைய சுகரை அல்ல, சில மணி நேரத்துக்கு முந்தைய நிலவரத்தை. சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் முப்பதுகளின் நடுவிலேயே அவரது சிறுநீரகத்தில் பாதிப்பு தெரிய ஆரம்பித்தது.

பெர்ன்ஸ்டீன் அப்போது டாக்டர் அல்ல, இன்ஜினீயர். 1969-ல் ஆய்வகக் கருவிகளுக்கான ஒரு பத்திரிகையில் விளம்பரம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஒரு துளி ரத்தத்தில் ஒரே நிமிடத்தில் சுகரைச் சொல்லும் மீட்டர். எடை கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ, விலை 650 டாலர். ஆய்வகம் மூடிய ராத்திரி நேரத்தில் மயங்கிக் கிடப்பவர் குடித்திருக்கிறாரா, சர்க்கரை நோயாளியா என்று கண்டுபிடிக்க மருத்துவமனைகளுக்காகச் செய்த கருவி. டாக்டர்களுக்கு மட்டும்தான் விற்பனை.

அவரது மனைவி மனநல மருத்துவர். அவர் பெயரில் ஆர்டர் போட்டார்கள். மீட்டர் வந்தது.

தினமும் சுமார் 5 முறை அளந்தார். இன்சுலின் அளவிலோ சாப்பாட்டிலோ சின்ன மாற்றம் செய்துவிட்டு என்ன ஆகிறது என்று குறித்து வைத்தார். ஓர் இன்ஜினீயர் இயந்திரத்தை ஆராய்வது மாதிரி தன் உடம்பை ஆராய்ந்தார். மெல்ல மெல்ல சுகர் ஓர் ஒழுங்குக்குள் வந்தது, உடல்நிலையும் தேறியது.

இதை எழுதி மருத்துவ இதழ்களுக்கு அனுப்பினார். திரும்பி வந்தது. டாக்டர் பட்டம் இல்லாதவர் சொன்னால் யார் கேட்பார்கள்? அவர் எடுத்த முடிவுதான் ஆச்சரியம். 1979-ல், 45 வயதில், மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். டாக்டரானார். 2025-ல் 90 வயதில் இறக்கும் வரை சர்க்கரை நோய் மருத்துவராகவே வாழ்ந்தார். அவர் வலியுறுத்திய மிகக் குறைந்த மாவுச்சத்து உணவுமுறை பற்றி இன்றும் வாதம் ஓயவில்லை. ஆனால் ‘நோயாளி வீட்டிலேயே சுகரை அளக்க வேண்டும்’ என்ற வாதத்தில் அவர் ஜெயித்துவிட்டார்.

நிரூபணம் வந்தது 1993-ல்

சுகரை இவ்வளவு நெருக்கமாகக் கண்காணிப்பதால் உண்மையிலேயே பலன் உண்டா? இந்தக் கேள்விக்கு விடை தேடி 1983-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் டிசிசிடி என்ற பெரிய ஆய்வு தொடங்கியது. டைப் 1 உள்ள 1,441 பேர். ஒரு பிரிவினருக்கு அப்போதைய வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவினர் தினமும் பலமுறை சுகர் பார்த்து, அதற்கேற்ப இன்சுலினை மாற்றிக்கொண்டார்கள்.

1993-ல் முடிவு வந்தது. இரண்டாவது பிரிவில் கண் விழித்திரை பாதிப்பு வரும் அபாயம் 76% குறைந்திருந்தது. சிறுநீரகம், நரம்பு பாதிப்புகளும் வெகுவாகக் குறைந்தன. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. அந்தப் பிரிவினருக்குக் கடுமையான தாழ்சர்க்கரை வருவது ஏறத்தாழ 3 மடங்கு அதிகம்.

அப்போ என்ன அர்த்தம்? கண்ணைக் காப்பாற்றும் அதே சிகிச்சை, கவனம் தப்பினால் மயக்கத்திலும் தள்ளும். தினமும் பலமுறை இந்தக் கத்தி முனையில் நடக்கப் போவது நோயாளி. அப்படியானால் முடிவெடுக்கும் பயிற்சியும் அவருக்குத்தானே வேண்டும்?

ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகர டாக்டர்கள் இதை முன்பே உணர்ந்து, நோயாளிகளுக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த முறையை எடுத்துக்கொண்டு பிரிட்டன் ‘டாஃப்னே’ என்ற 5 நாள் பயிற்சியை உருவாக்கியது. சாப்பாட்டில் மாவுச்சத்தைக் கணக்கிடுவது, அதற்கேற்ற இன்சுலினைத் தானே முடிவு செய்வது, இவைதான் பாடம். 169 பேரிடம் நடந்த சோதனை முடிவு 2002-ல் வெளியானது. 6 மாதத்தில், பயிற்சி பெற்றவர்களின் எச்பிஏ1சி (3 மாத சராசரி சுகர்) மற்றவர்களைவிட 1 புள்ளி குறைவாக இருந்தது. விருப்பப்பட்டதைச் சாப்பிடும் சுதந்திரமும் கூடுதலாகக் கிடைத்தது.

இதே காலத்தில், 2001-ல், பிரிட்டன் சுகாதாரத் துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் தலைப்பே ‘நிபுணத்துவ நோயாளி’.

அந்த அறிவில் அப்படி என்ன இருக்கிறது?

நம் ஊர்ச் சமையலறையிலிருந்து ஆரம்பிக்கலாம். ஓர் இட்லியில் எத்தனை கிராம் மாவுச்சத்து? புத்தகத்தில் ஓர் எண் இருக்கும். ஆனால் எந்த இட்லி? அம்மா ஊற்றும் இட்லி, ஹாஸ்டல் இட்லி, ஹோட்டலில் வரும் பெரிய சைஸ் இட்லி, மூன்றும் ஒன்றா? சமையலறைத் தராசில் சில வாரம் எடை போட்டுப் பார்த்துப் பழகியவர்கள் அப்புறம் கண்ணளவிலேயே சொல்லிவிடுவார்கள்.

இட்லி சாப்பிட்டால் சுகர் சட்டென ஏறும். பிரியாணி, பரோட்டா வேறு ரகம். அதிலுள்ள கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்தும். சாப்பிட்ட 2 மணி நேரத்தில் பார்த்தால் எல்லாம் நார்மல். 5 மணி நேரம் கழித்துப் பார்த்தால் எகிறி நிற்கும். இதை ஒருமுறை அனுபவித்தவர் மறக்க மாட்டார்.

இப்படி ஒவ்வொருவரும் தன் உடம்பைப் பற்றிச் சேர்த்து வைத்திருக்கும் குறிப்புகள் ஏராளம்:

* ராத்திரி எதுவும் சாப்பிடாவிட்டாலும் விடியற்காலையில் சுகர் ஏறலாம். அந்த நேரத்தில் சுரக்கும் ஹார்மோன்கள்தான் காரணம்.

* நடை, சைக்கிள் சுகரை இறக்கும். வேக ஓட்டமும் ஜிம்மில் கனமான எடை தூக்குவதும் சிலருக்குத் தற்காலிகமாக ஏற்றும். சாயங்கால ஆட்டத்தின் விளைவு நடுராத்திரியில்கூட வரலாம்.

* மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பல பெண்களுக்கு இன்சுலின் தேவை கூடும்.

* ஒரே இடத்தில் ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் தோலுக்கடியில் கட்டி மாதிரி தடித்துவிடும். அங்கே போடும் மருந்து சரியாக உடம்பில் சேராது.

* வெயிலில் நிறுத்திய பைக் பெட்டிக்குள் வைத்த இன்சுலின் வீரியம் இழக்கும். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் மண்பானை கைகொடுக்கும்.

தாழ்சர்க்கரையின் அறிகுறிகூட ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு வியர்க்கும், ஒருவருக்குக் கை நடுங்கும், இன்னொருவருக்குக் காரணமே இல்லாமல் கோபம் வரும். ‘ஏன் இப்படி எரிஞ்சு விழுறே? முதல்ல சுகரைப் பாரு’ என்று வீட்டில் சொல்கிறார்கள் என்றால், அந்தக் குடும்பமே பாடம் படித்துவிட்டது என்று அர்த்தம்.

இதில் பல விஷயங்கள் டாக்டருக்கும் தெரியும். பொதுவாகத் தெரியும். ‘உங்களுக்கு எவ்வளவு, எப்போது’ என்பது மட்டும் அவருக்குத் தெரிய வழியில்லை. அளந்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றி, மறுபடி அளந்து, குறித்து வைத்துத்தான் அது கிடைக்கும். பார்க்கப்போனால் இதுவும் ஆராய்ச்சிதான். ஆராய்ச்சியாளரும் அவரே, ஆய்வுக்கு உட்பட்ட ஒரே நபரும் அவரே.

‘நாங்கள் காத்திருக்கப் போவதில்லை’

2013 வாக்கில் இந்தக் கதை அடுத்த கட்டத்துக்குப் போனது. தோலில் ஒட்டிய சென்சார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை சுகரைக் காட்டும் வசதி அப்போது வந்திருந்தது. ஆனால் தகவல் ஒரு சின்னக் கருவிக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. பள்ளியில் இருக்கும் குழந்தையின் சுகரை ஆபீஸில் இருக்கும் அப்பா பார்க்க முடியாது.

நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த ஜான் காஸ்டிக் என்ற இன்ஜினீயரின் மகனுக்கு 4 வயதில் டைப் 1. கருவியிலிருந்து தகவலை எடுத்து இணையத்தில் ஏற்றும் நிரலை அவரே எழுதினார். கேட்டவர்களுக்கும் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘நைட்ஸ்கவுட்’. ‘வீ ஆர் நாட் வெயிட்டிங்’ என்ற ஹேஷ்டேக் அந்த ஆண்டில்தான் பிறந்தது.

அமெரிக்காவின் சியாட்டிலில் டானா லூயிஸுக்கு வேறு பிரச்னை. தூங்கினால் சென்சாரின் அலாரம் அவர் காதில் விழாது. தனியாக வசிப்பவர், ராத்திரியில் சுகர் இறங்கினால்? அவர் மருத்துவமோ இன்ஜினீயரிங்கோ படித்தவர் இல்லை. காஸ்டிக்கின் நிரலைப் பெற்று, ஸ்காட் லைப்ராண்டுடன் சேர்ந்து முதலில் செய்தது சத்தமான அலாரம்தான். பிறகு சுகர் எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே கணிக்கும் கணக்கீட்டைச் சேர்த்தார்கள். கடைசியில் அதை இன்சுலின் பம்ப்புடன் இணைத்தார்கள். பம்ப் தானாகவே அளவைக் கூட்டிக் குறைத்தது. 2015-ல் ‘ஓபன்ஏபிஎஸ்’ என்ற பெயரில் வடிவமைப்பை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார்கள்.

இது ஆபத்தான விளையாட்டு இல்லையா? நியாயமான கேள்வி. அதனால்தான் முறையான சோதனை நடந்தது. நியூசிலாந்தில் குழந்தைகள், பெரியவர்கள் என 97 பேரிடம் 24 வாரம் நடத்திய ஆய்வு, 2022-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. இந்தத் திறந்தமூல முறையைப் பயன்படுத்தியவர்களின் சுகர், சாதாரண பம்ப்பும் சென்சாரும் வைத்திருந்தவர்களைவிட நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கும் அதிகமாகச் சரியான வரம்புக்குள் இருந்தது. நோயாளிகள் உருவாக்கிய இன்னொரு செயலியிலிருந்து வளர்ந்த ‘டைட்பூல் லூப்’புக்கு 2023 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அனுமதி கொடுத்தது.

அனுபவம் எங்கே ஏமாற்றும்?

இவ்வளவு தெரிந்தவர்களுக்கு டாக்டர் எதற்கு என்று தோன்றலாம். இங்கேதான் கவனம் தேவை. ‘என் உடம்பு எனக்குத் தெரியும்’ என்ற வாக்கியம் பாதி உண்மை.

சுகர் நீண்ட நாள் 250-ல் இருந்தால் உடம்பு அதற்குப் பழகிவிடும். ‘நான் நல்லாத்தானே இருக்கேன்’ என்று தோன்றும். கண் விழித்திரையும் சிறுநீரகமும் ஆரம்பத்தில் எந்தச் சத்தமும் போடாமல்தான் பாதிக்கப்படும். அதை எந்த அனுபவத்தாலும் உணர முடியாது, பரிசோதனைதான் காட்டும்.

அடிக்கடி தாழ்சர்க்கரை வந்தால் எச்சரிக்கை அறிகுறிகளே மங்கிப்போகும். ‘எனக்கு 45 வந்தாகூட ஒண்ணும் ஆகாது’ என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் அது தைரியம் அல்ல, உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டிய ஆபத்து.

இதைவிட மோசமானது ‘இன்சுலினை நிறுத்துங்க, இந்தக் கஷாயம் போதும்’ ரக வீடியோக்கள். டைப் 1 உள்ளவர் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களில், சிலருக்குச் சில மணி நேரங்களிலேயே, ரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகும். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, மூச்சில் பழ வாசனை இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலில் சாப்பாடே இறங்காத நாளிலும் அடிப்படை இன்சுலினை நிறுத்தக் கூடாது.

உண்மையான நிபுணத்துவத்தை அடையாளம் காண வழி இருக்கிறது. அது அளந்து பார்க்கும், தான் நினைத்தது தப்பு என்று எண் சொன்னால் ஒப்புக்கொள்ளும். அளக்காமல் வரும் தன்னம்பிக்கைக்கு வேறு பெயர்.

எல்லோருக்கும் கிடைக்கிறதா?

கசப்பான பகுதி இதுதான். நாளைக்கு 4 முறை விரலில் குத்திப் பார்த்தால் மாதத்துக்கு 120 ஸ்ட்ரிப், வருஷத்துக்கு 1,460. சென்சார் என்றால் 10 நாள் அல்லது 2 வாரத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும். செலவைச் சமாளிக்க முடியாத வீட்டில் ஸ்ட்ரிப்பை மிச்சம் பிடிப்பார்கள். அவர்களுக்கும் வருஷக்கணக்கான அனுபவம் இருக்கிறது. அது சரியா தப்பா என்று பார்த்துக்கொள்ள வழிதான் இல்லை.

காசு மட்டும் தடையில்லை. பரீட்சை நடுவே சுகர் இறங்கினால் ஒரு மாணவி மிட்டாய் சாப்பிடலாமா? பொதுத்தேர்வு அறைக்குள் டைப் 1 மாணவர்கள் சுகர் மாத்திரை, பழம் போன்றவற்றைக் கொண்டுபோக சிபிஎஸ்இ அனுமதித்ததே 2017-ல்தான். அதுவரை தன் உடம்பு பற்றி அவருக்கு என்ன தெரிந்திருந்தாலும், முடிவு கண்காணிப்பாளர் கையில்.

வேறு ஏதோ காரணத்துக்காக வார்டில் அட்மிட் ஆகும்போதும் இதே கதைதான். 15 வருஷமாகத் தானே ஊசி போட்டுக்கொண்டவர், அங்கே நர்ஸ் வரும் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டும். இன்சுலின் போட்டாகிவிட்டது, சாப்பாட்டு வண்டி வரவில்லை என்றால் சுகர் இறங்கும். சுயநினைவோடும் திறனோடும் இருக்கும் நோயாளி வார்டிலும் தன் இன்சுலினைத் தானே பார்த்துக்கொள்ள பிரிட்டனில் தனி வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. அங்கே நோயாளியின் அறிவும் சிகிச்சையின் ஒரு பகுதி.

சுமையையும் மறக்கக் கூடாது. நிபுணர் என்ற பட்டம் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இந்த வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. கணக்குப் போட்டுப் போட்டு சலித்து, சில நாள் மீட்டரைத் தொடவே பிடிக்காமல் போவது சகஜம். அந்தச் சலிப்பையும் டாக்டரிடம் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

அந்த 15 நிமிடத்தை எப்படிப் பயன்படுத்துவது?

டைப் 1 மட்டுமல்ல. ஆஸ்துமா, வலிப்பு, மூட்டுவாதம், ஒற்றைத் தலைவலி என எந்த நாள்பட்ட நோய்க்கும் இது பொருந்தும்.

* 2 வாரக் குறிப்பாவது எடுத்துச் செல்லுங்கள். என்ன செய்தீர்கள், என்ன ஆனது, எத்தனை மணிக்கு என்பது போதும்.

* ‘அடிக்கடி’ என்பதற்குப் பதில் ‘10 நாளில் 4 முறை, ராத்திரி 2 மணிக்கு மேல்’ என்று சொல்லுங்கள்.

* கேள்வியை முன்பே எழுதிக்கொள்ளுங்கள். முதல் கேள்வி ரொம்ப முக்கியமானதாக இருக்கட்டும்.

* நீங்களாகவே செய்த மாற்றத்தை மறைக்காதீர்கள். டோஸை விட்டிருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

* எந்த அளவு வரை நீங்களே மாற்றிக்கொள்ளலாம், எதற்கு மேல் போனால் போன் பண்ண வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

* உணர முடியாத பாதிப்புகளுக்கான வருடாந்திரப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

மறுபடி அந்தப் படுக்கையறை. 3 ஸ்பூன் குளுக்கோஸ் போட்டுக் குடித்து 15 நிமிடம் ஆகிவிட்டது. திரையில் ‘92’, அம்புக்குறி நேராக இருக்கிறது. தூங்குவதற்கு முன் போனில் ஒரு வரி பதிகிறார்: ‘ஷட்டில் ஆடுற அன்னிக்கு ராத்திரி டோஸை 1 யூனிட் குறைக்கலாமா? டாக்டர்கிட்ட கேக்கணும்.’